உறைக்காக வாங்கிய துப்பாக்கி

எங்கள் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வந்ததற்குக் காரணம் அதன் தோல் உறைதான் என்று ஆம்பூரில் எல்லாரும் சொல்வார்கள். நானும் முப்பது வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லியிருக்கிறேன், பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவர்களுக்கு இன்னொரு தடவை சொல்வேன்.

வெள்ளைக்காரன் காலம். எனக்கு ஒன்பது வயது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா ரயில்வே ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சித்தப்பா மட்டும்தான் டேனரி ஆள். அங்கே தோல் தரம் பிரிக்கிற வேலை. பதப்படுத்திக் காயவைத்த தோல்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் அடுக்குவார்கள். ஒவ்வொன்றையும் ஒரு தும்மல் போடும் நேரம் பார்ப்பார், கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார், பிறகு முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம், கழிவு என்று நாலு பக்கமாக வீசுவார். அவர் தரம் பிரித்துக் கட்டிய தோல் கட்டுகளை லண்டனில் பிரித்துப் பார்ப்பதில்லை என்று முதலாளி சாயபு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

வீட்டிலும் அதே கைதான். விருந்தாளி வந்தால் முகத்துக்கு முன் செருப்பைத்தான் பார்ப்பார். எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, மாப்பிள்ளையின் அப்பா வாசலில் கழற்றிப்போட்டிருந்த செருப்பைச் சித்தப்பா புரட்டிப் பார்த்துவிட்டு, "மேல பாலீசு, உள்ள அட்டை. இந்த சம்பந்தம் வேணாம்" என்றார். பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. தோல் விஷயத்தில் அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

சித்தி குடியாத்தத்துக்காரி. குள்ளமாக, சுறுசுறுப்பாக இருப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குச் சித்தி என்பதைவிட விளையாட்டுத் தோழி என்பதுதான் சரி. அவள் அப்பாவுக்கு ஊருக்கு வெளியே சோளக்கொல்லை இருந்தது. சின்னப் பெண்ணாக இருக்கும்போது பரண்மேல் ஏறி நின்று கவண்கல் விட்டுக் கிளி ஓட்டியிருக்கிறாள். கிளிமேல் படாமல் கிளி உட்கார்ந்திருக்கிற கதிர்மேல் அடிப்பாளாம். இதை அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. உடனே ஒரு புளியங்கொட்டையை எடுத்துச் சுண்டி எங்கள் வீட்டுச் சேவலின் கொண்டையில் அடித்துக் காட்டினாள்.

அந்த வருஷம் ஆடி மாதம் சித்திக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்தது.

அதற்குப் பிறகு சித்தி பின்கட்டு அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. சமைப்பாள், துவைப்பாள், பாத்திரம் கழுவுவாள். வேலை முடிந்ததும் உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கேட்டதற்குப் பதில் வரும். கேட்காததற்கு ஒரு வார்த்தை வராது. எனக்குத் தலை பின்னிவிடுவதையும் நிறுத்திவிட்டாள். அந்த வேலை அம்மா கைக்குப் போயிற்று. அம்மா பின்னினால் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் நான் எதற்கோ ஆச்சரியப்படுகிறேன் என்று டீச்சர் நினைத்துக்கொள்வாள்.

ஐப்பசியில் சித்தியின் அப்பா வந்தார். குடியாத்தம் தாத்தா என்று நாங்கள் கூப்பிடுவோம். மகளைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொங்கல் கழிந்ததும் வந்து அழைத்துப் போகிறேன், மனசு தேறுகிறவரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பாவும் சரி என்றார். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் இப்படித் தாய்வீட்டுக்குப் போன ஒருத்தி திரும்பவே இல்லை. அவள் புருஷனுக்கு வேறு கல்யாணம் நடந்து நாங்கள் எல்லாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். சித்தி போனால் வரமாட்டாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சித்தப்பாவிடமே கேட்டேன். அவர் என் பின்னலைப் பார்த்துவிட்டு, "உங்கம்மா கயிறு திரிச்சிருக்கறா" என்றார். இந்த ஆளுக்கு ஒரு கவலையும் இல்லை என்று எனக்குக் கோபமாக வந்தது.

இந்தச் சமயத்தில்தான் முதலாளி சாயபுவுக்குத் துப்பாக்கி ஆசை வந்தது. பெங்களூரில் துரைமார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பலகையில் வட்டம் போட்டுச் சுட்டு விளையாடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நம் ஊரில் பாலாறு இருக்கிறது, பாலாற்றில் தண்ணீர் இல்லை, மணல் இருக்கிறது, அப்புறம் என்ன குறை என்றார். டேனரியில் நம்பிக்கையான ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டார். அதில் சித்தப்பாவும் ஒருவர். சின்ன ரவைத் துப்பாக்கி போதும், ஆனால் ஆளுக்கொன்று சொந்தமாக இருந்தால்தான் கை பழகும் என்று சொல்லி, கலெக்டர் கச்சேரியில் லைசென்சுக்கும் அவரே சிபாரிசு செய்தார்.

லைசென்ஸ் வந்த வாரமே வாய்ப்பும் வந்தது. லண்டன் கம்பெனிக்குத் தோல் வாங்கிக்கொண்டிருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பப் போவதால் பங்களாச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. மூன்றும் சின்ன ரவைதான். பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் புறப்பட்டார்கள். அம்மா என்னையும் கூட அனுப்பினாள். மூன்று பேரும் சேர்ந்து போனால்கூட ஒரு வீசைக் கத்தரிக்காய் சொத்தையில்லாமல் வாங்கத் தெரியாதவர்கள் என்பது அவள் கருத்து.

பங்களாத் தோட்டத்தில் மாமரத்தடியில் கட்டில், மேஜை, பியானோ, குளிக்கிற தொட்டி எல்லாம் கிடந்தன. துரை உள்ளே இருந்தார். விற்பனையெல்லாம் பட்லர் கையில். அவர் மூன்று துப்பாக்கிகளையும் ஒரு மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

முதலாவது நீளம். குழல் என் மணிக்கட்டுப் பருமன் இருந்தது. கண் வைக்கிற இடத்தில் சின்னத் துளை போட்ட ஒரு வில்லை. துரை பந்தயத்தில் கோப்பை வாங்கிய துப்பாக்கி அதுதான் என்றார் பட்லர். அப்பா அதைத் தூக்கி, துளை வழியாக வேப்பமரத்துக் காக்கைக் கூட்டை நெடுநேரம் பார்த்தார்.

"கனமா இருந்தாத்தான் கை ஆடாது. இதுதான் சரி" என்றார்.

பெரியப்பாவுக்கு இரண்டாவதன்மேல் கண். அதில் குழலுக்கு அடியில் இன்னொரு குழல் இருந்தது. அதற்குள் தோட்டாக்களை வரிசையாக நிரப்பிவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டுக்கொண்டே போகலாம்.

"இதுதாண்டா துப்பாக்கி! ஒரு வாட்டி ரொப்பினா பதினஞ்சு வெடி!"

"பதினஞ்சும் எங்க போயி விழும்ண்ணா? நிதானமா ஒண்ணு சுட்டா போதும்."

"சுடறதுக்கு எதுக்குடா நிதானம்? கணக்கா போடற?"

அண்ணனும் தம்பியும் இப்படி வாதாடிக்கொண்டிருந்தபோது சித்தப்பா மூன்றாவதைக் கையில் எடுத்தார். அது குட்டை, லேசு. ஒரு தோட்டாவைப் போட்டு ஒரு தடவை சுட்டுவிட்டு மறுபடி தாழ்ப்பாளைத் திறந்து அடுத்த தோட்டா போடவேண்டும்.

பட்லர் சிரித்தார். "அது சின்ன தொரைக்கு வாங்கினதுங்க. பத்து வயசுப் புள்ள சுடறது. உங்க ஒசரத்துக்கு ஆவாது."

சித்தப்பா ஆறடி. அதைத் தோளில் வைத்ததும் முழங்கை ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நிற்க, மூக்கு கட்டைவிரலில் இடித்தது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே அதைக் கீழே வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். அதில் இரண்டு முடிச்சு இருந்தது. துப்பாக்கியின் மரக்கட்டை முனையில் ஒரு முடிச்சை வைத்து, நூலை இழுத்துப் பிடித்து, விசையில் இன்னொரு முடிச்சு சரியாக வருகிறதா என்று பார்த்தார். வந்தது.

"இன்னா அளக்கறீங்க சித்தப்பா?"

"உறை சரியா இருக்குமான்னு பாக்கறேன் பாப்பா."

உறையை அளக்காமல் துப்பாக்கியை அளக்கிறாரே என்று நினைத்தேன். பெரியவர்கள் செய்கிறதில் பாதி அப்படித்தான் இருக்கும்.

அதன் பிறகுதான் அவர் உறையை எடுத்தார். மற்ற இரண்டுக்கும் உறை கிடையாது. இதற்கு மட்டும் பழுப்பு நிறத்தில், வாரும் வளையமும் வைத்துத் தைத்த ஒரு நீளத் தோல் உறை. சித்தப்பா அதை வெயிலில் பிடித்தார், நிழலில் பிடித்தார். கட்டைவிரலால் அழுத்தினார். மடக்கிக் காதோரம் வைத்துக் கேட்டார். நகத்தால் கீறினார். மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். டேனரியில் ஒரு தும்மல் நேரத்தில் முடிகிற காரியத்துக்கு இங்கே அரைமணி நேரம் ஆயிற்று. பெரியப்பாவும் அப்பாவும் சண்டையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"ஆவாரம்பட்டைப் பதம்ண்ணா. நடுமுதுகுத் தோல். நம்ம ஊருத் தோலுதான், கப்பலேறிப் போயி உறையாத் திரும்பி வந்திருக்குது. இது போதும்."

"எது போதும்?"

"இந்தத் துப்பாக்கி."

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! துப்பாக்கி வாங்க வந்தமா, செருப்பு தைக்க வந்தமா?"

"துப்பாக்கி எங்க வேணா கெடைக்கும்ண்ணா. இந்த மாதிரித் தோலு கெடைக்காது."

அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். குழலின் நீளத்தையும் குறியின் பிசகையும் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டினார். சித்தப்பா உறையைத் தடவிக்கொண்டே கேட்டார். துப்பாக்கியைப் பற்றி வாதாடலாம், தோலைப் பற்றி அவரிடம் யார் வாதாடுவது? கடைசியில் சின்ன துரையின் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்தது.

செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. டேனரியில் சித்தப்பாவைக் கண்டாலே சிரிப்பாம். முதலாளி சாயபு, "உறை ஃபஸ்ட் கிளாஸ்னு கேள்விப்பட்டேன். பந்தூக் கம்மியா இருந்தா இன்னா, எடுத்துனு வந்து காட்டு, கண்ணுல ஒத்திக்கறேன்" என்று தினமும் கேட்பார். சித்தப்பா தினமும் மறந்துவிடுவார். தூசி பட்டுவிடும், கை அழுக்கு ஒட்டிவிடும் என்று ஏதாவது சொல்வார். அந்த உறை எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டவே இல்லை.

சுட்டுப் பழகுவது கொல்லையில். டேனரியில் தோல் ஊறவைத்து முடிந்த பட்டைச் சக்கையை அடுப்பெரிக்க வாங்கிக் கொல்லைக் கோடியில் ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தோம். எந்த ரவை பட்டாலும் அது விழுங்கிவிடும். அதற்கு முன்னால் கம்பு நட்டு, கொட்டாங்கச்சியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துத் தொங்கவிட்டார் சித்தப்பா. இருபது அடி தூரத்தில் நின்றால் அவருக்குப் பின்னால் சித்தியின் அறை ஜன்னல். துப்பாக்கி வெளியே இருக்கும்போது யாரும் கொல்லைக்கு வரக்கூடாது என்பதற்கு அடையாளமாகப் பின்கதவில் என் சிவப்புப் பாவாடையைக் கட்டினார்கள். ரயில்வேயில் சிவப்பு என்றால் நிற்கவேண்டும் என்று பெரியப்பா சட்டம் போட்டார். அந்தப் பாவாடையை அதற்குப் பிறகு நான் உடுத்தவே இல்லை. கோழிகளை அடைப்பது என் பொறுப்பு. அடைத்துவிட்டு சித்தப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணுவேன்.

எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. முதல் நாள் பத்துச் சுட்டார், பத்தும் சக்கையில். மறுநாளும் அப்படியே. பெரியப்பா பின்கதவில் பாவாடைக்கு மேலாகத் தலையை நீட்டி யோசனை சொல்வார். அம்மா, "சோத்தையாவது வாயில சரியாப் போட்டுக்கறாரே, அதைச் சொல்லு" என்பாள். மூன்றாம் நாள் வலது கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். நான்காம் நாள் எதை மூடினார் என்றே தெரியவில்லை. கொட்டாங்கச்சி காற்றில் சுகமாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு மானம் போயிற்று. பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று பீற்றிக்கொண்டவள் நான்.

ஐந்தாம் நாள், மூன்றாவது தோட்டா சக்கைக்குள் போனதும், ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"எடது கண்ண மூடுங்க."

யாரும் எதுவும் கேட்காமல் சித்தி தானாகப் பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா திரும்பவில்லை.

"ரெண்டையும் மூடிப் பாத்துட்டேன்" என்றார் கொட்டாங்கச்சியைப் பார்த்தபடியே.

"மூச்சைப் புடிச்சினு இருக்கீங்க. பாதி வுட்டுட்டு அப்புறம் அமுக்குங்க."

சித்தப்பா மூச்சை விட்டுவிட்டு அமுக்கினார். சக்கை.

"எனக்கு வரலை. நீ வேணா ஒரு வாட்டி புடிச்சிக் காட்டேன்."

"எனக்கெதுக்கு அது."

ஜன்னல் மூடிக்கொண்டது. ஆனால் மறுநாள் அவர் சுடும்போது சித்தி பின்படியில் வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். அன்றைக்குச் சித்தப்பா சுட்டது இருக்கிறதே, அவ்வளவு கேவலமாக ஒரு மனுஷர் சுட்டு நான் பார்த்ததில்லை. ஒரு ரவை எங்கள் துணி காயப்போடும் கம்பைத் துளைத்துக்கொண்டு போயிற்று. சித்தி பொறுக்கமுடியாமல், "குடுங்க இப்புடி" என்று வாங்கினாள்.

அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி அது அவள் தோளில் உட்கார்ந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். முதல் ரவை சக்கையில். சித்தப்பா அடுத்த தோட்டாவை நீட்டினார். இரண்டாவதில் கொட்டாங்கச்சி ஒரு சுற்றுச் சுற்றியது. மூன்றாவதில் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி கோழிக்கூண்டின்மேல் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் பெரியப்பா சட்டத்தை மறந்து பாவாடையைத் தள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவந்தார். சித்தி சிரிக்கவில்லை. பிளந்து கிடந்ததை நிதானமாகப் பார்த்தாள்.

"கொஞ்சம் மேல போவுது. கீழ புடிக்கணும்" என்றாள். "பாப்பா, இன்னொரு கொட்டாங்கச்சி கட்டு."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தினமும் தேங்காய்ச் சட்னி. அம்மா முணுமுணுத்துக்கொண்டே அரைத்தாள். கொட்டாங்கச்சி தீர்ந்த நாட்களில் சித்தி மைக்கூட்டை வைத்தாள், சோளத்தட்டையை வைத்தாள், கடைசியில் வெறும் நூலைத் தொங்கவிட்டு அதையே ரவையால் அறுத்தாள். சாயங்காலம் ஆனால் பாவாடையை அவளே கட்டிவிடுவாள். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவதும் அவள்தான். சித்தப்பா பின்படியில் உறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். துப்பாக்கி கை மாறிவிட்டது, உறை மட்டும் அவருக்கு என்று அப்பா கேலி செய்தார். சித்தப்பாவும், "நான் அதுக்குத்தானே வாங்கினேன்" என்பார்.

ஜனவரி முதல் தேதி பாலாற்று மணலில் முதலாளி சாயபு பந்தயம் வைத்தார். நான் அப்பாவோடு போனேன். சித்தப்பா வெறுங்கையோடு வந்திருந்தார். துப்பாக்கி எங்கே என்று கேட்டதற்கு, உறையின் வார் தையல் விட்டுப்போயிற்று, அதான் வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி சாயபு தன் துப்பாக்கியையே கொடுத்தார். துரையிடம் அப்பா பார்த்த அதே மாதிரி நீளத் துப்பாக்கி. சித்தப்பா மணலில் படுத்து, காலைப் பரப்பி வைத்துக்கொண்டு, பத்துச் சுட்டார். அதில் எட்டு ரவை வட்டத்துக்குள்ளேயே விழுந்தன.

"பாத்தியா, கணக்கு எங்கயாவது பொய்யாவுமா? கனமான துப்பாக்கிதான் சரின்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார் அப்பா. எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. நல்ல துப்பாக்கியை வாங்கியிருந்தால் முதல் பரிசே வாங்கியிருப்பார். ஒரு தோல் உறையைப் பார்த்து மயங்கி இப்படிக் கெடுத்துக்கொண்டாரே என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். சித்தப்பா ஒப்புக்கொண்டார். தன் புத்தி அவ்வளவுதான் என்றார்.

பொங்கல் வந்தது. எனக்குக் கரும்பு இனிக்கவில்லை. கழிந்த மூன்றாம் நாள் குடியாத்தம் தாத்தா வருவதாகக் கடிதம் வந்திருந்தது. சித்தியின் பெட்டியை அம்மா அடுக்கிவைத்துவிட்டாள். சித்தி போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சித்தப்பா அன்றைக்கு டேனரிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். உறையை எடுத்து வைத்துக்கொண்டார், ஆனால் தடவக்கூட இல்லை.

தாத்தா மத்தியானம் ஒரு மூட்டை வேர்க்கடலையும் குடையுமாக வந்தார். வீட்டில் யாரும் எதிரே தென்படவில்லை. நேராகப் பின்பக்கம் வந்து, கதவில் தொங்கிய பாவாடையை ஒதுக்கி ஒரு காலை வெளியே வைத்தார். அதே சமயம் டப் என்று ஒரு வெடி. தாத்தா வேர்க்கடலையை அப்படியே போட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். கொல்லையில் அவர் மகள் கோணிச்சாக்கில் குப்புறப் படுத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரது? செவப்புத் துணி கட்டி வெச்சிருக்கறது கண்ணு தெரியலையா?" என்று திரும்பாமலே சத்தம் போட்டாள் சித்தி. "அங்கயே நில்லுங்க. இன்னும் ரெண்டு இருக்குது."

தாத்தா நின்றார். இரண்டும் வெடித்தன. இரண்டு கொட்டாங்கச்சியும் விழுந்தன. அதன் பிறகுதான் சித்தி திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாவா?" என்று எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தாத்தா வேர்க்கடலைக்கு நடுவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் கலந்து மூக்கில் ஒழுகியது. பிறகு தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சத்தம் கேட்டு வந்த பெரியப்பாவிடம், "அழைச்சினு போலாம்னு வந்தேன். கூப்புட்டா சுட்டுடுவா போல இருக்குதே" என்றார்.

"மாசியில வர்றேம்பா" என்றாள் சித்தி. "சோளம் முத்தற சமயத்துல. இதையும் எடுத்துனு வர்றேன். உன் கிளியெல்லாம் எப்பிடி இருக்குதுன்னு பாக்கணும்."

தாத்தா இரண்டு நாள் இருந்தார். தானும் ஒரு தடவை சுட்டுப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்துச் சுட்டு, சக்கையில் விட்டார். போகும்போது தனியாகத்தான் போனார். அம்மா பெட்டியைப் பிரித்துப் புடவைகளைக் கொடியில் போட்டாள். அன்று சாயங்காலம் சித்தி என்னை உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். என் புருவம் இரண்டும் அதனதன் இடத்துக்குத் திரும்பி வந்தன. உலகத்திலேயே நல்ல துப்பாக்கி எங்கள் வீட்டுத் துப்பாக்கிதான் என்று அன்றைக்கு நான் ஒப்புக்கொண்டேன். வாங்கிய ஆள் முட்டாள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சித்திக்குப் பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இரண்டு பேரும் கொட்டாங்கச்சி உடைத்தவர்கள்தான். சித்தப்பா வயதாகிக் கண் மங்கிக் காலமான பிறகு துப்பாக்கியைச் சித்தி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தாள். உறையை என்ன செய்வது என்று தெரியாமல், இதில் குடை வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்தாள்.

என்னைக் கட்டிக்கொடுத்தது பேரணாம்பட்டில். என் வீட்டுக்காரரும் தோல் தரம் பிரிக்கிறவர்தான். உறைக் கதையை அவர் என்னிடம் நாற்பது தடவையாவது கேட்டிருப்பார். நான் அதைக் கொண்டுவந்து வைத்ததும், "இதுவா அது?" என்று எழுந்து போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பெரிய மனுஷர் பொறுக்கிய தோல் என்று அவ்வளவு மரியாதை. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். ஒரு தும்மல் நேரம்கூட ஆகவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாராவது மாத்திட்டாங்களா?"

"இல்லியே. சித்தி கையால குடுத்தது. இன்னா ஆச்சு?"

"வயித்துத் தோலு இது. அழுத்துனா பொரிஞ்ச அப்பளம் மாதிரி கெடக்குது பாரு. உண்ணி கடிச்ச ஓட்டை வேற, மெழுகு போட்டு மறைச்சிருக்கறான். நேத்து வேலைக்கு வந்த பையன்கூட இதைக் கழிவுல வீசிடுவான்."

எனக்குக் கோபம் வந்தது. "எங்க சித்தப்பாவுக்குத் தெரியாத தோலா? ஆம்பூர்லயே அவரு கை மாதிரி ஒரு கை கெடையாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். தெரியாம இருக்காது. அன்னிக்கு அவரு தோலைப் பாக்கல."

சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். நான் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு முடிச்சுப் போட்ட அந்த நூலும், சித்தியின் தோளில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்த துப்பாக்கியும் நினைவுக்கு வந்தன. வாசற்படி தாண்டாத உறையும், பாலாற்று மணலில் வட்டத்துக்குள் விழுந்த எட்டும் நினைவுக்கு வந்தன. முப்பது வருஷம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், அவர் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் மறுத்ததில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

இப்போது கண்ணை மூடினால் அந்தக் கொல்லைதான் தெரிகிறது. சித்தி சாக்கில் படுத்துக் குறி பார்க்கிறாள். பின்படியில் சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார். மடியில் உறை இருக்கிறது, கை அதைத் தடவிக்கொண்டிருக்கிறது, கண் அதன்மேல் இல்லை. அந்தக் கண் எங்கே இருந்தது என்று திரும்பிப் பார்க்க அன்றைக்கு எனக்கு நேரமில்லை. கொட்டாங்கச்சி விழுகிறதா என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.